நகரத்து நரிக்கு நம் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் எங்கள் பின்தோட்டத்துக்கு ஒரு பெண் நரி வந்துபோகிறது. பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பாவம் தம்பி, எலும்பும் தோலுமா நிக்குது. கொஞ்சம் சோறு வச்சா என்ன?" என்று கேட்டார். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படிக்கப் படிக்க, ஒரு கேள்வி பத்தாகிவிட்டது. அவரும் மற்ற தமிழ் அண்டை வீட்டாரும் கேட்டவை, எனக்கே எழுந்தவை எல்லாம் இங்கே.

எந்த நரியைப் பற்றிப் பேசுகிறோம்?

தமிழில் 'நரி' என்ற ஒரே சொல் இரண்டு மூன்று விலங்குகளுக்குப் பொது. ஊருக்கு வெளியே கூட்டமாக ஊளையிடும் நம் நரி, நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய சொந்தம். சேலம் பக்கம் 'வங்காநரி' என்கிறார்களே, அந்தச் சின்ன உருவம் வேறு இனம். லண்டன் நரியின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே முக்கியமாகப் பேசுவது லண்டனிலும் சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலும் தெருவில் திரியும் செந்நரி. கூடவே கலிஃபோர்னியாவின் குட்டி நரி ஒன்றும், ஆர்க்டிக் நரியும் வரும், ஏனென்றால் உணவு மாறினால் உடம்பில் என்ன ஆகிறது என்பதை அவற்றில்தான் தெளிவாக அளந்திருக்கிறார்கள்.

நகரத்துக்கு வருமுன் அது என்ன சாப்பிட்டது?

கிடைத்ததை. எலி, முயல், பறவை, முட்டை, வண்டு, கீழே விழுந்த பழம், செத்த ஆடு. இவற்றோடு நாம் நினைத்தே பார்க்காத ஒன்று: மண்புழு.

காற்றில்லாத ஈர இரவில் மண்புழுக்கள் பாதி உடம்பை வளைக்கு வெளியே நீட்டிப் புல்மேல் கிடக்கும். நரி காதுகளைத் திருப்பியபடி மெல்ல நடக்கும். புழுவின் உடம்பிலுள்ள நுண்ணிய முட்கள் புல்லில் உரசும் ஓசையே அதற்குப் போதும். முன்பற்களால் பிடித்ததும் வெடுக்கென்று இழுக்காது; இழுத்தால் புழு அறுந்து பாதி மண்ணுக்குள் போய்விடும். இறுக்கிப் பிடித்தபடி ஒரு கணம் நிற்கும். புழுவின் பிடி தளர்ந்ததும் உருவி எடுத்துக்கொள்ளும். ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் விலங்கியலாளர் டேவிட் மெக்டொனால்ட் 1970களில் இரவிரவாக உட்கார்ந்து பார்த்து எழுதியது இது. நான் இதை எங்கள் தெருக்கோடிக் கால்பந்துத் திடலில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். புல்லில் நூடுல்ஸ் சாப்பிடுவது போல இருந்தது.

தண்ணீரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மண்புழுவில் பெரும்பகுதி புரதம். எலியோ தோல், முடி, எலும்பு, ஈரல், எலியின் வயிற்றுக்குள் இருக்கும் தானியம் எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாடு. இந்த 'முழு' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதன் வயிறு மாமிசத்துக்கென்று ஆனதா, எல்லாவற்றுக்கும் ஆனதா?

இரண்டுக்கும் நடுவில். நரிக்கு 42 பற்கள். பக்கவாட்டில் கத்தரிக்கோல் போல இறைச்சி அறுக்கும் பற்கள். அவற்றுக்குப் பின்னால் வண்டின் ஓட்டையும் பழக்கொட்டையையும் நொறுக்கும் கடைவாய்ப் பற்கள். பூனைக்கு இந்தப் பின்வரிசை இல்லை என்றே சொல்லலாம். குடல் குட்டையானது, ஆட்டுக்கும் முயலுக்கும் இருப்பதுபோல் புல்லை ஊறவைத்துப் புளிக்கவிடும் பெரிய அறை கிடையாது. பழத்தின் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், நாரை அப்படியே வெளியேற்றிவிடும். அதனால்தான் முள்பழப் புதர்களின் விதைகளை ஊர் ஊராகப் பரப்பும் வேலையும் நரிக்கு வாய்த்தது.

நகரத்தில் தட்டு எவ்வளவு மாறியிருக்கிறது?

சூரிச் நகரில் 402 நரிகளின் இரைப்பைகளைத் திறந்து பார்த்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. சராசரி நரியின் வயிற்றில் இருந்ததில் பாதிக்கு மேல் மனிதர்களிடமிருந்து வந்த உணவு. நகர விளிம்பிலிருந்து மையத்தை நோக்கிப் போகப் போக அந்தப் பங்கு கூடியது. குப்பைப் பையிலிருந்து வந்த இறைச்சித் துண்டு, பறவைகளுக்கு வைத்த தானியம், தோட்டத்துப் பழம், பூனைக்கு வைத்த தட்டு, மனம் இளகியவர்கள் வேண்டுமென்றே வைத்த சாப்பாடு என்று பல வழிகள்.

லண்டனிலும் இதே கதைதான். ஆனால் இங்கும் மண்புழுவும் எலியும் புறாவும் பட்டியலை விட்டுப் போய்விடவில்லை. 'நகரத்து நரி குப்பை மட்டுமே தின்கிறது' என்பது சரியல்ல.

சரி, இதனால் உடம்பில் என்ன மாறுகிறது? யாராவது அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரம். அங்கே சான் வாகீன் கிட் நரி என்று ஒன்று இருக்கிறது. எடை 2 கிலோவைச் சற்றே தாண்டும். காதுகள் மட்டும் முகத்துக்குப் பொருந்தாத பெரிசு. பாலைநிலத்துப் பிராணி. கங்காரு எலிகளைத் தின்று, தேவையான தண்ணீரையும் அந்த இரையின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதன் நிலம் விவசாயத்துக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் போனது. 1967-ல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் பேக்கர்ஸ்ஃபீல்டு ஊருக்குள் நூற்றுக்கணக்கானவை பள்ளி வளாகங்களிலும் கோல்ஃப் மைதானங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் குடியேறிவிட்டன.

ஆய்வாளர்கள் அவற்றின் மீசை முடியைச் சோதித்தார்கள். முடி வளர்கிறபோது அந்தந்த நாள் சாப்பிட்டதன் கார்பன் அதில் பதிந்துவிடும். மக்காச்சோளத்தின் கார்பனுக்குத் தனி அடையாளம் உண்டு. அமெரிக்கக் கோழியும் மாடும் மக்காச்சோளம் தின்று வளர்கின்றன, குளிர்பானத்தின் இனிப்பும் அதிலிருந்து வருகிறது. ஆகவே பர்கர் தின்றாலும் வறுத்த கோழி தின்றாலும் முடியில் மக்காச்சோளம் தெரியும். 2010-ல் வெளியான முடிவு: ஊருக்குள் வாழும் நரிகளின் மீசையும் ஊர் மனிதர்களின் தலைமுடியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பேசின. ஒரே சமையலறைதான் என்று அர்த்தம்.

அதற்கு முன்பே 1999-ல் வந்த ஓர் ஒப்பீட்டில், ஊர் நரிகள் வெளியே இருப்பவற்றைவிட எடை கூடியவை, அவற்றின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று தெரிந்திருந்தது.

அப்படியானால் நரிக்கும் மாரடைப்பு வருமா?

அக்காவின் கணவர் கேட்ட கேள்வி. அவருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை உண்டு. நம் அளவுகோலை அப்படியே நரிமேல் வைக்கக்கூடாது. நாய்க் குடும்பத்தின் ரத்தத்தில் கொழுப்பைச் சுமப்பது பெரும்பாலும் நாம் 'நல்ல கொலஸ்ட்ரால்' என்று சொல்லும் வகை. நாய்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் தைராய்டு, சர்க்கரை போன்ற வேறு நோயோடு சேர்ந்தே வரும். அப்புறம் இன்னொரு கசப்பான கணக்கு: பிரிட்டிஷ் நகரங்களில் பெரும்பாலான நரிகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. கொழுப்பு வேலை காட்டுவதற்கு முன் கார் வந்துவிடுகிறது.

சோறு, ரொட்டி இதெல்லாம் செரிக்குமா?

வெந்தது என்றால் ஓரளவு செரிக்கும். மாவுச்சத்தை உடைக்கும் நொதியை நரியின் கணையமும் சுரக்கிறது. ஆனால் நாயோடு ஒப்பிடக்கூடாது. மனிதர்களோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த நாயின் மரபணுவில், அந்த நொதிக்கான பகுதி பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது; ஓநாய்க்கு வழக்கமான இரண்டுதான் என்று 2013-ல் கண்டறிந்தார்கள். நரி அந்த வழியில் நம்மோடு வரவே இல்லை.

உண்மையான சிக்கல் செரிப்பதில்கூட இல்லை, இடம் பிடிப்பதில். நரிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உணவு போதும். அதில் கால் கிலோ சோறாகப் போனால், அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய எலியும் புழுவும் வராது. வயிறு நிறைந்திருக்கும், புரதமும் சுண்ணாம்புச்சத்தும் விட்டமினும் குறைந்திருக்கும். மனித உணவு நரிக்கு நல்லதா கெட்டதா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது எதை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வந்தது?

நம் வீட்டுச் சமையலில் எதைக் கட்டாயம் வைக்கக்கூடாது?

வெங்காயமும் பூண்டும் முதலில். நாய்களில் இவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதே குடும்பத்து நரிக்கும் அதே எச்சரிக்கைதான். நம் குழம்பில் இவை இரண்டும் இல்லாத நாள் எது? சாக்லேட், உலர்திராட்சை இரண்டும் கூடாது. பாயசத்தில் திராட்சை கிடக்கும், கவனியுங்கள்.

பலருக்கும் தெரியாதது புளி. திராட்சை தின்ற நாய்களின் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்பது நீண்டகாலப் புதிர். 2022-ல் கால்நடை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, புளி தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகக் கேடு வந்ததைக் காட்டி, இரண்டிலும் பொதுவாக உள்ள டார்டாரிக் அமிலத்தைச் சுட்டியது. ஆக, புளிச்சோறு வேண்டவே வேண்டாம்.

வேகவைத்த கோழி எலும்பு கூராகப் பிளக்கும், பிரியாணி எலும்பும் அப்படித்தான். நரி அதைக் குப்பையிலிருந்து எப்படியும் எடுத்துத் தின்கிறது. பெரும்பாலும் தப்பித்தும் விடுகிறது. அதற்காக நாமே தட்டில் வைத்துப் பரிமாற வேண்டுமா?

எலும்பில்லாத நல்ல இறைச்சியாக வாங்கிப் போட்டால்?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குட்டிகளுக்கு அதுதான் ஆபத்து. வெறும் சதையில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து அதில் பதினைந்து, இருபதில் ஒரு பங்குதான். எலியை முழுசாகத் தின்றால் எலும்பு அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடும். சதை மட்டும் தின்று வளரும் குட்டியின் உடம்பு, ரத்தத்துக்குத் தேவையான சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். கால் வளையும், சின்னத் தாவலிலேயே எலும்பு முறியும்.

முடிக்கும் தோலுக்கும்கூட வேலை உண்டு. செரிக்காத இந்தப் பகுதிகள் மாமிச உண்ணிகளின் குடலில் நார்ச்சத்து போலச் செயல்படுகின்றன. சிவிங்கிப்புலிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். முழு முயல் தின்றபோது, வெறும் மாட்டிறைச்சி தின்றபோது இருந்ததைவிடக் குடலில் புரதம் அழுகி உண்டாகும் பொருள்கள் குறைவாக இருந்தன.

உணவு திடீரென்று மாறினால் வயிறு கெடுமா?

கெடும். குடல் நுண்ணுயிரிகளின் கூட்டம் சில நாள்களில் மாறிக்கொள்ளும், அதுவரை பேதி. பால் வைப்பவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். வளர்ந்த நரிக்குப் பால் சர்க்கரையை உடைக்கும் நொதி குறைந்துவிடுகிறது. தண்ணீர் வையுங்கள், அது போதும்.

எச்சத்தைப் பார்த்து நரி என்ன தின்றது என்று சொல்ல முடியுமா?

முடியும், பாதி. கிராமத்து நரியின் எச்சம் முறுக்கிய கயிறு போல இருக்கும், ஒரு முனை கூர்ந்திருக்கும். பிரித்தால் சாம்பல் நிற எலிமுடி, தீக்குச்சித் தலை அளவு எலும்புகள், ஒரு கீழ்த்தாடை, அதில் பல்வரிசைகூட அப்படியே இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் வேலியோரம் கிடந்தது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது, உள்ளே முழுக்கப் பிளாக்பெரி எனும் கருமுள்பழத்தின் விதைகள். அதே இடத்தில் ஜனவரியில் கிடந்தது நாயுடையது போல மென்மையாக, உருவமில்லாமல், நடுவில் சுருட்டிய அலுமினியத் தாள் துண்டோடு.

சிக்கல் என்னவென்றால், மிருதுவான உணவு தடயம் விடாது. ரொட்டியும் கோழிச் சதையும் முழுக்கச் செரித்துவிடும், எலிமுடி மட்டும் கணக்கில் வரும். மண்புழு தின்றதற்குச் சாட்சி அதன் நுண்ணிய முட்கள். அவற்றுக்கு நுண்ணோக்கி வேண்டும். அதனால் எச்சத்தை மட்டும் எண்ணினால் நகரத்து நரி உள்ளதைவிட யோக்கியமாகத் தெரியும்! மீசை முடிச் சோதனை வந்தது இதனால்தான்.

நீங்கள் வீட்டில் பிரித்துப் பார்க்காதீர்கள். நாய்களிடமிருந்து பரவும் உருண்டைப்புழுவின் முட்டைகள் நரியின் எச்சத்திலும் இருக்கும். நான் பார்த்தது குச்சியால், கையுறையோடு. ஐரோப்பிய ஆய்வகங்கள் எச்சத்தைக் கழித்தல் 80 டிகிரியில் பல நாள் உறையவைத்த பிறகுதான் தொடுகின்றன.

ஏன் அவ்வளவு பயம்?

ஐரோப்பாவின் பல நாடுகளில் நரியின் குடலில் வாழும் ஒரு குட்டி நாடாப்புழு காரணம். அதன் முட்டை மனிதருக்குள் போனால் ஈரலில் புற்றுநோய் போலப் பரவும் கட்டி வரும். பிரிட்டனில் அந்தப் புழு இல்லை. இதில் உணவுக்கும் ஒரு பங்கு உண்டு: புழு நரிக்குள் நுழைவது வயல்வெளி எலிகள் வழியாக. சூரிச் நகருக்கு நடுவே வாழ்ந்து, எலியைக் குறைத்துக் குப்பையைக் கூட்டிய நரிகளில், சுற்றுப்புறத்து நரிகளைவிடத் தொற்று குறைவாக இருந்தது. குப்பைக்கும் ஒரு புண்ணியம் இருக்கிறது.

குப்பை தின்பதால்தான் நரிக்குச் சொறி வந்து முடி கொட்டுகிறதா?

இல்லை. சொறி வருவது தோலுக்குள் வளை தோண்டும் நுண்ணிய பூச்சியால். ஆனால் உணவுக்கு மறைமுகத் தொடர்பு உண்டு. ஸ்காட்லாந்து மலைகளில் ஒரு நரிக் குடும்பத்துக்கு 40 சதுர கிலோமீட்டர் வரை தேவைப்படும்; உணவு கொட்டிக்கிடக்கும் நகரத்தில் அரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவே போதும். நெருக்கம் கூடினால் பூச்சி எளிதாகத் தாவும். நரிகள் மிக அடர்த்தியாக வாழ்ந்த பிரிஸ்டலில் 1994-ல் சொறி நுழைந்தது. இரண்டே ஆண்டுகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட நரிகள் மடிந்தன. பேக்கர்ஸ்ஃபீல்டில் அது 2013-ல் வந்தது.

இன்னொன்று: கோடையில் எல்லா நரியும் குளிர்கால முடியை உதிர்க்கும். அப்போது நோஞ்சானாகத்தான் தெரியும். அக்கா பார்த்த 'எலும்பும் தோலும்' ஜூன் மாதத்து நரி.

இயற்கையான உணவு என்றால் எப்போதும் நல்லதுதானே?

அப்படியும் சொல்ல முடியாது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், பெரிங் கடலை ஒட்டி மெட்னி என்ற தீவு இருக்கிறது. அங்குள்ள ஆர்க்டிக் நரிகள் கடற்பறவைகளையும் கரையொதுங்கிய சீல்களையும் நம்பி வாழ்பவை. கடல் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகப் பாதரசம் சேரும். 2013-ல் வந்த ஆய்வில் இந்தத் தீவு நரிகளிடமும் ஐஸ்லாந்தின் கடலோர நரிகளிடமும் பாதரசம் மிகுதி. ஐஸ்லாந்தின் உள்நாட்டு நரிகளிடம் குறைவு. ஒரே நாடு, ஒரே இனம், சாப்பாடுதான் வேறு.

ரோமத்துக்காக நரி வளர்த்த பண்ணையிலிருந்து ஒரு பழைய கதை. 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், சேஸ்டெக் என்பவரின் பண்ணை நரிகளுக்குப் பச்சைக் கெண்டை மீனைத் தீனியில் கலந்தார்கள். நரிகள் சாப்பிட மறுத்தன, உடல் விறைத்தது, வாதம் வந்து செத்தன. பச்சை மீனிலிருந்த ஒரு நொதி தயமின் என்ற பி1 விட்டமினைச் சிதைத்துக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. மீனை வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். அந்த நோய்க்கு இன்றும் 'சேஸ்டெக் வாதம்' என்றுதான் பெயர்.

மனிதர் உணவு கொடுத்து நரிக்கு நல்லது நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. நார்வே, ஸ்வீடன் மலைகளில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் வளர்ந்த ஆர்க்டிக் நரிகள் மொத்தம் 40 முதல் 60 மட்டுமே எஞ்சியிருந்தன. லெம்மிங் என்ற எலி பெருகும் ஆண்டில் பத்துக்கு மேல் குட்டி போடும் நரி, லெம்மிங் இல்லாத ஆண்டில் போடாமலே விட்டுவிடும். அந்தப் பஞ்ச ஆண்டுகளைக் கடக்க, உலர்ந்த நாய்த் தீனி நிரப்பிய பெட்டிகளை வளைகளுக்கு அருகே வைத்தார்கள். பெரிய செந்நரி நுழைய முடியாதபடி சிறிய வாசல். கூடவே செந்நரிகளைக் குறைத்தார்கள், வளர்ப்பகத்தில் பிறந்த நரிகளை விட்டார்கள். இப்போது அங்கே பல நூறு நரிகள். வைத்தது மிச்சச் சோறு அல்ல, எல்லாச் சத்தும் கணக்கிட்ட தீனி. வைத்ததும் பசி உண்மையாக இருந்த இடத்தில்.

தலைமுறை தலைமுறையாக இப்படிச் சாப்பிட்டால் உருவமே மாறுமா?

1970களின் தொடக்கத்தில் லண்டனிலும் சுற்றுக் கிராமங்களிலும் சேகரித்த மண்டையோடுகளை 2020-ல் அளந்து பார்த்தார்கள். நகரத்து நரிகளின் மூக்குப்பகுதி குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. ஓடும் எலியைச் சட்டென்று கவ்வ நீண்ட மூக்கு உதவும். அசையாமல் கிடக்கும் எலும்பைக் கடிக்கக் குட்டை மூக்குக்குப் பலம் அதிகம். காரணம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள்.

நாங்கள் வைப்பதை நிறுத்திவிட்டால் பட்டினி கிடக்குமா?

கிடக்காது. ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு வாரம், இரண்டு வாரமாகக் குறையுங்கள். நரி ஒரே வீட்டை நம்புவதில்லை. நம் தெருவில் மட்டும் அதற்கு மூன்று வீடு இருப்பது எனக்குத் தெரியும். மிஞ்சியதைப் புதைத்து வைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. கனடாவின் வடக்கில் ஆர்க்டிக் நரிகள் வாத்து முட்டைகளைப் புதைத்து, அடுத்த ஆண்டு வசந்தத்தில் தோண்டித் தின்கின்றன.

அக்கா இப்போது சோறு வைப்பதில்லை. எப்போதாவது ஒரு பச்சை முட்டை. போன மாதம் கறிவேப்பிலைத் தொட்டிக்கு மண் மாற்றப் போனவர், உள்ளேயிருந்து ஒரு முட்டையை ஓடு உடையாமல் எடுத்து வேலிக்கு மேலே தூக்கிக் காட்டினார்.